ஜொகூர் ஆற்றின் கருங்கற்கோட்டை

மலேசியாவின் ஜொகூர் ஆற்றின் தலைப்பகுதியில் கருங்கல்லால் கட்டிய கோட்டையுடன் பழைய நகரம் ஒன்று இருந்தது என்றும், கிளிங் நாட்டிலிருந்து, அதாவது தென்னிந்தியக் கரையிலிருந்து, பெரும்படையுடன் வந்த அரசன் அதனை வென்றான் என்றும் 'சுலாலத்துஸ் சலாத்தின்' என்னும் மலாய் அரசவரலாறு கூறுகிறது. 1612ஆம் ஆண்டைக் குறிக்கும் முன்னுரை கொண்ட இந்நூல், ஜொகூரின் பெண்டஹாராவாக, அதாவது தலைமை அமைச்சராக, இருந்த துன் ஸ்ரீ லானாங்கின் பெயரால் வழங்குகிறது. அரபு எழுத்தைத் தழுவிய ஜாவியில் உயிரொலிகள் பெரும்பாலும் எழுதப்படாமையால், நகரின் பெயரைக் கெலாங்குய் என்றும் கெலாங்கி என்றும் கிளாங்கியூ என்றும் பலவாறு படித்தனர். எழுத்து கைவிட்ட இடத்தில் ஆறு, கல், போர் என அதனைச் சூழ்ந்து நின்ற செய்திகளே வாசிப்புக்குத் துணையாயின.

இவ்வகை வாசிப்புக்குத் தமிழில் கிடைத்த பெரிய களம், முதலாம் இராசேந்திர சோழனின் தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டாகும். அரசனின் வெற்றிகளைச் செய்யுள் நடையில் நிரல்படுத்தும் முகவுரையாகிய மெய்க்கீர்த்தி, 1025ஆம் ஆண்டளவில் நிகழ்ந்த கடல்கடந்த படையெடுப்பில் வென்ற ஊர்களை அடைமொழிகளோடு அடுக்குகிறது. மலையூருக்கு மலையரண், மாயிருடிங்கத்துக்குக் கடல் அகழி, நக்கவாரத்துக்குத் தேன் நிறைந்த சோலை என அவை அமைகின்றன. நக்கவாரம் நிக்கோபார் என்றும், இலாமுரிதேசம் சுமத்திராவின் வடகோடி என்றும், கடாரம் கெடா என்றும் தெளிந்தபின், அவற்றையொட்டி வரும் பெயர்களைத் தேடும் கடற்பரப்பும் சுருங்கியது. எனினும் அடைமொழிகள் அனைத்தையும் நிலச்சான்றாகக் கொள்வது பிழையாகும்; அடிகளின் இரண்டாம் எழுத்து ஒன்றிவரும் எதுகைக்காகவே சில சேர்க்கப்பட்டுள்ளன என்பதை யாப்பு அறிந்தவர் எளிதில் உணர்வர்.

சூழல் ஒரு பெயரின் பொருளையே மாற்றியதற்கு ஸ்ரீவிஜயம் சிறந்த சான்றாகும். பாங்கா தீவில் கிடைத்த 686ஆம் ஆண்டின் கோத்தா காப்பூர் கல்வெட்டில் வரும் அச்சொல்லை 1913இல் டச்சு அறிஞர் கெர்ன் ஓர் அரசனின் பெயர் எனக் கொண்டார். சோழரின் ஆனைமங்கலச் செப்பேடுகளிலும் தஞ்சைக் கல்வெட்டிலும் அச்சொல் நின்ற இடங்களுக்கு நாட்டின் பெயர் மட்டுமே பொருந்தும் என்பதைச் சீனக் குறிப்புகளோடு ஒப்பிட்டு, 1918இல் பிரெஞ்சு அறிஞர் ஜார்ஜ் செடேஸ் நிறுவியதால், மறந்துபோன ஒரு பேரரசு வரலாற்றுக்குள் மீண்டது.

ஜொகூரின் கோட்டைக்கு அத்தகைய பேறு வாய்க்கவில்லை. கோட்டை தன் காலத்திலும் இருந்ததாக மலாய் நூல் கூறுவதும், அந்நூல் அதே ஆற்றங்கரையில் ஆண்ட அரசவையில் உருவானதும் எளிதில் தள்ளத்தக்கவை அல்ல. 2004இல் ஆய்வாளர் ரைமி செ-ரோஸ் வெளியிட்ட ஆய்வு, கோட்டை உண்மையில் இருந்தது என்னும் நம்பிக்கையை வலுப்படுத்தியது. ஆயினும், அடுத்த ஆண்டு நடந்த தேடலில் தடயம் எதுவும் கிடைக்கவில்லை என்று 2006இல் அறிவிக்கப்பட்டது. கடாரத்தின் அடையாளத்துக்குக் கெடாவிலுள்ள பூஜாங் பள்ளத்தாக்கின் கோயில் அடித்தளங்கள் துணைநிற்க, கெலாங்குய்க்கோ இன்றுவரை ஏட்டுச் சான்று மட்டுமே உள்ளது.