லிந்துலைக்கு மேலே வாழும் காட்டெலிகள்

மலையகத்தில் எலி என்றால் லயத்துக் கூரையில் ஓடுவதுதான் நினைவுக்கு வரும். ஆனால் லிந்துலையிலிருந்து அக்கரப்பத்தனைப் பக்கம் ஏறினால், தேயிலை முடிந்து ஹோர்ட்டன் சமவெளியை நோக்கிய உயர்மலைக் காடுகள் தொடங்குகின்றன. உலகில் வேறெங்கும் இல்லாத எலியினங்கள் இரண்டுக்கு இவ்வகைக் காடுகளே வீடு.

ஒன்று ஒஹிய எலி. சாம்பல் நிற முதுகு, வெள்ளை வயிறு, மேலே கறுப்பும் கீழே வெள்ளையுமான வால். 1929இல் இதை விபரித்தவர் தேயிலைத் துரையாக இருந்த டபிள்யூ. டபிள்யூ. ஏ. பிலிப்ஸ். 1981இல் இதற்கென்றே 'ஸ்ரீலங்காமிஸ்' என்ற பேரினம் உருவாக்கப்பட்டது. அந்தப் பேரினத்தில் இது ஒன்றுதான். மற்றையது, பிலிப்ஸ் 1932இல் விபரித்த நெலு எலி. நெலு என்பது குறிஞ்சி வகைச் செடி. அதில் சில இனங்கள் 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை கூட்டமாகப் பூத்து, விதைத்து, மடிகின்றன. இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் நெலு எலி 'அருகிவரும்' இனம். ஒஹிய எலி 'பாதிக்கப்படக்கூடிய' இனம்.

நெலுவோடு நம்மவர் வரலாறும் பிணைந்திருக்கிறது. குடியேற்றகாலச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் 1861இல் வெளியிட்ட நூலில் 'கோப்பி எலி' பற்றி எழுதினார். காட்டில் நெலு விதை தீர்ந்ததும் அவை கோப்பித் தோட்டங்களுக்குள் இறங்கின. ஒரே தோட்டத்தில் ஒரு நாளில் ஆயிரம் வரை கொல்லப்பட்டன. தமிழ்த் தொழிலாளர் அவற்றை எண்ணெயில் பொரித்தும் கறியாக்கியும் விரும்பி உண்டனர் என்பது அவர் பதிவு. அதை 'விருப்பம்' என்று மட்டும் என்னால் வாசிக்க முடியவில்லை. காட்டை வெட்டியது தோட்டம். இரை தேடி வந்த எலிக்குப் பீடை என்று பெயர். அதை உண்டவர்களின் கூலியும் அரிசியும் பற்றி அந்தப் பதிவு பேசவில்லை.

1869க்குப் பின் இலைத்துரு நோயால் கோப்பி அழிந்தது. தேயிலை வந்தது, காடு இன்னும் சுருங்கியது. எஞ்சிய துண்டுகளுக்கு இன்று தீ, மரக்கறிச் செய்கை, விறகு வெட்டு ஆகியவை அச்சுறுத்தல். ஹோர்ட்டன் சமவெளி 1988இல் தேசிய பூங்காவானது. 2010இல் மத்திய மலைநாட்டு உலக மரபுரிமையில் சேர்ந்தது. அந்த எல்லைக்கு வெளியே, தோட்டங்களுக்கு நடுவே கிடக்கும் ஓடைக்கரைக் காடுகளுக்கு அந்தக் கவனம் கிடைப்பதில்லை.

அமெரிக்காவின் கொலராடோ, வயோமிங் மாநிலங்களில் ஓடைக்கரைப் புதர்களில் வாழும் 'பிரெபிள்' துள்ளெலி 1998இல் சட்டப் பாதுகாப்புப் பெற்றது. அதற்காக ஆற்றோர நிலங்களும் காக்கப்படுகின்றன. இங்கும் வழி அதுவே: ஓடையின் இருகரையிலும் காட்டுமரங்களை விடுவது, துண்டுகளை நாட்டுமரங்களால் இணைப்பது, காட்டோரத்தில் எலிநஞ்சைத் தவிர்ப்பது. நஞ்சுண்ட எலியைத் தின்னும் ஆந்தையும் சாகும். லயத்தில் எலிக்காய்ச்சலைத் தடுக்க, குப்பையகற்றலும் நல்ல வீடும் வேண்டும்.

விறகை நம்பும் குடும்பத்திடம் 'காட்டைத் தொடாதே' என்று மட்டும் சொல்வது நியாயமல்ல. நிலம் கம்பனிகளினதும் அரசினதும் கையில். காட்டோரத்தைப் பற்றிய முடிவுகளில், அங்கே தலைமுறைகளாக வாழும் தொழிலாளருக்கும் இடம் வேண்டும். அந்த ஓடைகளின் தண்ணீரைக் குடிப்பவர்கள் அவர்களே.