எருதுப் பசி

'புலிமியா' என்ற சொல்லை கிரேக்கத்தில் பிரித்தால் எருதுப் பசி என்று வரும். நாம் யானைப் பசி என்கிறோமே, அதே மாதிரிதான். விலங்கு மட்டும் வேறு.

செனஃபன் எழுதிய 'அனபாசிஸ்' நூலில் அந்தப் பசி வருகிறது. கிரேக்கக் கூலிப்படை ஒன்று கி.மு. 401-400 குளிர்காலத்தில் ஆர்மீனியாவின் பனியைக் கடந்துபோகிறது. வீரர்கள் நடந்தபடியே சுருண்டு விழுகிறார்கள். என்ன ஆச்சுன்னு செனஃபனுக்குப் புரியவில்லை. விஷயம் தெரிந்த ஒருவர், இது எருதுப் பசி, ஏதாவது சாப்பிடக் கொடுத்தால் எழுந்துவிடுவார்கள் என்கிறார். கொடுத்தார்கள், எழுந்து நடந்தார்கள். நம்ம மணிமேகலையிலும் காயசண்டிகைக்கு யானைத்தீ என்ற தீராப்பசி நோய் வருகிறது. அமுதசுரபியில் இருந்து வந்த சோற்றில்தான் அது தீர்கிறது.

இன்றைய புலிமியா வேறு நோய். கட்டுப்பாடே இல்லாமல் நிறையச் சாப்பிடுவது, உடனே எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் அதை வெளியேற்றுவது அல்லது பட்டினி கிடப்பது, மறுபடி சாப்பிடுவது என்று சுற்றிக்கொண்டே இருக்கும். இதைத் தனி நோயாக அடையாளம் கண்டு பெயர் வைத்தவர் லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையின் மனநல மருத்துவர் ஜெரால்ட் ரஸ்ஸல். 1979இல் 30 நோயாளிகளைப் பற்றி எழுதிய கட்டுரையில் 'புலிமியா நெர்வோசா' என்றார். அவர்களில் பெரும்பாலோர் அதற்கு முன்பு தங்களைத் தாங்களே பட்டினி போட்டவர்கள். இந்த விவரம்தான் முக்கியம்.

நான் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். ஒரு புரோகிராம் திரும்பத் திரும்ப ஒரே வரியில் விழுந்தால், அந்த வரியைத் திட்டிப் பயனில்லை; அதற்கு முன்னால் என்ன ஓடியது என்று பார்க்கணும். இங்கே முன்னால் ஓடுவது பெரும்பாலும் பட்டினி.

இதற்கான சாட்சி, நோய்க்குப் பெயர் வருவதற்கு முன்பே கிடைத்திருந்தது. போருக்குப் போக மறுத்த 36 ஆரோக்கியமான இளைஞர்கள், 1944-45இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் நடத்திய ஆய்வுக்குத் தாங்களாகவே முன்வந்தார்கள். 24 வாரம் அவர்களுக்கு அரைப்பட்டினி. கனவிலும் பேச்சிலும் சாப்பாடே நிறைந்தது. சிலர் சமையல் புத்தகங்களைச் சேர்க்க ஆரம்பித்தார்கள். ஆய்வு முடிந்து உணவு தாராளமாகக் கிடைத்தபோது, சிலரால் வயிறு நிறைந்த பிறகும் நிறுத்த முடியவில்லை. ஒல்லியாக வேண்டும் என்ற ஆசையில் பட்டினி கிடந்தவர்கள் இல்லை இவர்கள். எல்லா புலிமியாவையும் பட்டினி ஒன்றை வைத்தே விளக்கிவிட முடியாது. மரபணு, மனச்சோர்வு, உடம்பைப் பற்றிக் கேட்ட கேலி எல்லாம் சேரும். ஆனாலும் 'வாயைக் கட்டத் தெரியலை' என்று திட்டுவது எவ்வளவு தப்பு என்பதற்கு இந்த ஆய்வு போதும்.

அந்தத் திட்டுதான் நோயை மறைத்தும் வைக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த கிறிஸ்டஃபர் ஃபேர்பர்னும் பீட்டர் கூப்பரும் ஒரு பெண்கள் பத்திரிகை வழியாக ஆட்களைத் தேடி, ரகசியக் கேள்வித்தாள் அனுப்பினார்கள். 1982இல் வந்த முடிவின்படி, 499 பேரின் பதில்கள் இந்த நோயோடு பொருந்தின. பெரும்பாலோர் சராசரி எடை. சிகிச்சையில் இருந்தவர்கள் மிகச் சிலர். பார்த்தால் தெரியாது, அவ்வளவுதான். உள்ளே பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பு தடுமாறலாம், பல்லின் எனாமல் கரையலாம்.

இதற்கு 'இயற்கை வழி' இருக்கா என்று கேட்பவர்கள் உண்டு. ஜூஸ் விரதம், டீடாக்ஸ், குடல் சுத்தம் எல்லாம் அந்தப் பெயரில்தான் விற்கின்றன. விரதம் என்றால் மறுபடியும் பட்டினி, அதாவது சுற்றின் தொடக்கம். நிலாவரைப் பொடி மூலிகைதான், ஆனால் அது பேதி மருந்து. உடம்பிலிருந்து நீரையும் உப்பையும் இழுத்துக்கொண்டு போகும்.

ஃபேர்பர்ன் 1981இல் வெளியிட்டு, பிறகு வளர்த்தெடுத்த சிகிச்சைமுறையில் ஆரம்பப் படியே நேரத்துக்குச் சாப்பிடுவதுதான். மூன்று வேளை உணவு, நடுவில் இரண்டு மூன்று முறை சிற்றுண்டி, நான்கு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விடக்கூடாது. நேற்று ராத்திரி அளவு மீறிவிட்டது என்பதற்காக இன்று காலை இட்லியை விடக்கூடாது. என்ன சாப்பிட்டோம், அப்போது மனசு எப்படி இருந்தது என்று அந்தந்த நேரத்திலேயே குறித்துவைக்கணும், எங்கள் வேலையில் லாக் எழுதுகிற மாதிரி. உடம்பைப் பற்றிய பயம், தன்னை எடையால் அளக்கும் பழக்கம் இவற்றை எல்லாம் அடுத்தடுத்த வாரங்களில் சிகிச்சையாளரோடு உட்கார்ந்து பிரித்துப் பார்ப்பார்கள். சிலருக்கு மாத்திரையும் தேவைப்படும். ரத்தப் பரிசோதனை கட்டாயம்.

கேட்க எளிது. எடையைப் பார்த்து நடுங்கும் ஒருவருக்கு அந்தக் காலை இட்லி எவ்வளவு பெரிய துணிச்சல் என்று பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தெரியணும். தட்டில் எத்தனை என்று எண்ணாமல், 'இப்பதான் சாப்பிட்டியே' என்று சொல்லாமல், கூட உட்கார்ந்து சாப்பிடலாம். டாக்டரிடம் போகும்போது துணைக்குப் போகலாம்.