மின்வாரியம் கம்பெனி ஆன கதை



"ஈ.பி. ஆபீஸ்" என்று இன்றும் சொல்கிறோமே, அந்த மின்சார வாரியம் 2010ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் தேதியே கம்பெனிகளாக மாறிவிட்டது. நம் உறவில் வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள், "கம்பெனி ஆனபின் எங்கள் பென்ஷனுக்கு யார் பொறுப்பு?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி.

சென்னை நகருக்கு முதலில் மின்சாரம் கொடுத்ததே ஒரு வெள்ளைக்காரக் கம்பெனிதான். அதை 1947இல் அரசு வாங்கியது. பைக்காரா நீர்மின் நிலையம் 1932லிருந்தே அரசுத் துறையின் கையில் இருந்தது. 1948ஆம் ஆண்டு மத்திய சட்டத்தின்படி 1957 ஜூலை 1 அன்று வாரியம் பிறந்தது. ஆக, கம்பெனியில் தொடங்கியது கம்பெனிக்கே திரும்பியிருக்கிறது!

வாரியத்துக்குப் பங்குதாரர் கிடையாது; அந்தச் சட்டம்தான் அதன் பிறப்புச் சான்றிதழ். கம்பெனி அப்படியல்ல. எல்லாக் கம்பெனிகளையும் போல அதுவும் பதிவாளரிடம் பதிவாக வேண்டும், அதற்குப் பங்குகள் உண்டு. பங்கு இருந்தால் ஒருநாள் விற்கவும் முடியும் என்பதுதான் ஊழியர்களின் பயம். பயத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. 1953 சட்டத்தில் பிறந்த ஏர் இந்தியா 1994இல் கம்பெனியானது. 2022இல் டாடாவிடம் போயிற்று. ஆனால் அதே 1994இல் கம்பெனியான ஓ.என்.ஜி.சி.யில் இன்றும் பெரும்பங்கு அரசிடம்தான்.

2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் வாரியங்களைப் பிரிக்கச் சொன்னது. ஒடிசா அதற்கு முன்பே, 1996இல், பிரித்துவிட்டது. நம் மாநிலம் மத்திய அரசிடம் அவகாசம் வாங்கி வாங்கி 2010 வரை தள்ளியது. மாற்றும் முறை வேடிக்கையானது. வாரியத்தின் சொத்தும் கடனும் முதலில் மாநில அரசிடம் வந்து, அங்கிருந்து புதுக் கம்பெனிகளுக்குப் போகும். தாய்க் கம்பெனி ஒன்று, உற்பத்திக்கும் பகிர்மானத்துக்கும் ஒன்று, மின்தொடரமைப்புக்கு ஒன்று. 2024இல் உற்பத்தியையும் பகிர்மானத்தையும் தனித்தனியாக்கி, பசுமை எரிசக்திக்கும் ஒரு கம்பெனி வைத்தார்கள்.

பென்ஷன் விஷயத்துக்கு வருகிறேன். அச்சட்டத்தின் 133ஆம் பிரிவு, மாற்றப்படும் ஊழியரின் பணி நிபந்தனைகள் முன்பிருந்ததைவிடக் குறையக்கூடாது என்கிறது. சங்கத்தார் பிடித்துத் தொங்கியது இந்த வரியைத்தான். என்னைக் கேட்டால், அது சரியான பிடி.

அணுபுரத்துக்காரர்களுக்கு இது புதிதல்ல. கல்பாக்கம் மின்நிலையமும் அணுசக்தித் துறையின் நேரடிப் பொறுப்பில் இருந்து, 1987இல் அணுமின் கழகம் என்ற கம்பெனிக்குப் போனதுதான். பக்கத்திலேயே இருக்கும் ஆராய்ச்சி மையம் மட்டும் துறையிலேயே நின்றுவிட்டது. ஒரே டவுன்ஷிப்பில், அடுத்தடுத்த வீட்டில், ஒருவர் துறை, ஒருவர் கம்பெனி.

வாரியத்தில் இருந்தவர்கள் 2010இல் உங்கள் ஆபீசில் நடந்ததைக் கீழே எழுதுங்கள்.