வெள்ளெழுத்தும் கல்லெழுத்தும்

இன்னைக்கு மருந்து மாத்திரை பத்திப் பேசப்போறதில்லை. ஒரு பழைய லென்ஸ், ஒரு கோயில் சுவர், ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஒரு ஆஸ்பத்திரி. கொஞ்சம் நீளமான த்ரெட். நேரம் இருக்கும்போது படிங்க.

நாற்பத்தஞ்சு வயசுல எனக்கு வெள்ளெழுத்து வந்துச்சு. மாத்திரை அட்டையில் எக்ஸ்பைரி தேதியைப் படிக்க கையை நீட்டி நீட்டி, ஒருநாள் கையோட நீளமே பத்தாமப் போச்சு. நம்ம கண்ணுக்குள்ள இருக்கறது ஆட்டோ ஃபோகஸ் லென்ஸ். சிலியரி தசை சுருங்கினால் லென்ஸ் குண்டாகும், கிட்ட இருக்கும் பொருள் தெளிவாகும். வயசு ஏற ஏற லென்ஸ் விறைச்சுப் போகும். தசை சொன்னாலும் அது கேக்காது. நாற்பதைத் தாண்டினா எல்லாருக்கும் இந்தக் கதைதான். (மீனுக்கு மட்டும் வேற ஏற்பாடு. அதோட லென்ஸ் உருவம் மாறாது, முன்னும் பின்னும் நகரும். கேமரா லென்ஸும் அதே மீன் வழிதான்.)

என் கண்ணோட ஆட்டோ ஃபோகஸ் போன அதே வருஷம்தான் கையால் திருகும் லென்ஸ் ஒண்ணு வாங்கினேன். காரணம் திருமுக்கூடல்.

காஞ்சிபுரத்துக்குப் பட்டு எடுக்க வர்றவங்க பெரும்பாலும் அங்கே போறதில்லை. செங்கல்பட்டு சாலையில் பழையசீவரம் வந்து, பாலாற்றுப் பாலத்தைத் தாண்டினா ஊர் வந்துடும். பாலாறு, செய்யாறு, வேகவதி மூணும் சேரும் இடம். கரையிலேயே வெங்கடேசப் பெருமாள் கோயில். அந்தக் கோயிலின் சுவரில் வீரராஜேந்திர சோழன் காலத்து நீளமான கல்வெட்டு ஒண்ணு இருக்கு. 1060களின் கடைசியில் வெட்டினது. வேதம் படிக்கிற பிள்ளைகளுக்கான விடுதிச் செலவு, திருவிழாச் செலவு எல்லாம் அதில் வரும். கூடவே, வீரசோழன் என்ற பெயரில் ஓர் ஆதுலர்சாலை. அதாவது ஆஸ்பத்திரி.

15 படுக்கை. ஒரு மருத்துவர், அவர் பெயர் கோதண்டராமன் அசுவத்தாம பட்டர். வருஷத்துக்கு 90 கலம் நெல், 8 காசு. சல்லியக்கிரியை செய்யும் ஒருவர், அதாவது சர்ஜன். அவருக்கு 30 கலம் நெல். (சர்ஜன் நண்பர்களே, கமெண்ட்ல சண்டைக்கு வராதீங்க. சம்பளம் நான் போடலை.) மூலிகை கொண்டுவர ரெண்டு பேர், நோயாளிகளைக் கவனிக்கப் பெண்கள் ரெண்டு பேர், ஒரு நாவிதர், தண்ணீர் கொண்டுவர ஒருத்தர். ராத்திரி எரியும் விளக்குக்கு எண்ணெய். அப்புறம் ஸ்டோர் லிஸ்ட்: ஒரு வருஷத்துக்கு இருப்பு வைக்க வேண்டிய மருந்துகள். தசமூல ஹரீதகி, பழைய நெய், சுநேத்ரி... கடைசி மருந்து எதுக்குன்னு அதோட பெயரே சொல்லுது.

மருத்துவர் பெயர் மட்டும் கல்லில் இருக்கு. மத்தவங்கள்லாம் வேலையும் கூலியுமாத்தான் நிக்கிறாங்க. எந்த ஆஸ்பத்திரி போர்டு இன்னைக்கு வேற மாதிரி இருக்கு?

இந்த வரிகளை நானே படம் எடுக்கணும்னு ஆசைப்பட்டேன். முதல் தடவை போன், கேமரா ரெண்டுமே கைவிட்டுடுச்சு. கல்லும் எழுத்தும் ஒரே நிறம். நிழலில் வெளிச்சம் கம்மி. கேமரா லென்ஸ் முன்னே போய், பின்னே வந்து, எதையோ தேடி, கடைசியில் பக்கத்துல இருந்த எண்ணெய்க் கறையைப் பிடிச்சுக்கிச்சு. போன் எல்லாத்தையும் மழமழன்னு ஆக்கி, எழுத்தையும் சேர்த்தே துடைச்சிடுச்சு.

அப்பதான் ஒரு நண்பர் சொன்னார்: "எழுத்தை எடுக்கறதுக்குன்னே பண்ணின லென்ஸ் இருக்கு டாக்டர்."

நிஜமாவே இருக்கு. 1950களில் ஜப்பானில் ஆவணங்களை மைக்ரோஃபிலிமில் ஏத்த ஆரம்பிச்சாங்க. ஆங்கில எழுத்துக்கு அப்போ இருந்த லென்ஸே போதும். ஆனா ஜப்பானியரின் காஞ்சி எழுத்து ஒண்ணுக்குள்ளேயே பத்து, இருபது கோடு நெருக்கமா இருக்கும். (பேர்தான் காஞ்சி. நம்ம காஞ்சிக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை!) படத்தைச் சின்னதாக்கினா கோடெல்லாம் ஒட்டிக்கும். அதுக்காக நிக்கானில் வாக்கிமோட்டோ வடிவமைச்சது 5 செ.மீ. மைக்ரோ-நிக்கோர். வெளிவந்தது 1956ல். அந்த வம்சத்தில் 1980 வாக்கில் வந்த 55 மி.மீ. f/2.8 லென்ஸ்தான் நான் பழைய சாமானா வாங்கினது.

இதுக்கு ஒரு வியாதி உண்டு. திருகு மரையில் இருக்கும் கிரீஸ் வருஷக்கணக்கில் கசிஞ்சு, உள்ளே வெளிச்சத்தைக் கட்டுப்படுத்தும் தகடுகளில் ஒட்டிக்கும். எனக்கு வந்ததும் அப்படித்தான், மூட்டுவலிக்காரர் காலையில் எழுந்த மாதிரி. பிரிச்சுத் துடைச்ச பிறகு ஆளே மாறிட்டார்.

அந்த வளையத்தைத் திருகுற சுகம் எனக்கு எங்கேயோ பழகினதா இருந்துச்சு. யோசிச்சுப் பார்த்தா, முதல் வருஷ லேப்! மைக்ரோஸ்கோப்பில் சின்ன திருகைத் தொட்டும் தொடாமலும் நகர்த்தி, மங்கலுக்குள்ளிருந்து ஒரு செல் மேலெழும்பி வரும் பாருங்க, அதே. கண்ணுக்குத் தெரியறதுக்கு ஒரு நொடி முன்னாடியே விரலுக்குத் தெரிஞ்சிடும்.

நம்ம ஊர் கல்லெழுத்துக்கு இந்த உழைப்பை முதலில் பெரிய அளவில் கொடுத்தவர் கேப்டன் லின்னேயஸ் டிரைப். மெட்ராஸ் ராணுவத்து அதிகாரி. 1856ல் மாகாண அரசின் போட்டோகிராபரா நியமிச்சாங்க. 1858ல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதிக் கல்வெட்டுகளை, கேமராவைக் கொஞ்சம் கொஞ்சமா நகர்த்தி நகர்த்தி எடுத்தார். 21 படங்கள். அத்தனையையும் ஒட்டினா சுமார் 19 அடி நீளம். ஃபிலிம் கிடையாது, மெழுகேத்தின காகிதம்தான் நெகட்டிவ். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, கண்ணாடியில் தலைகீழாத் தெரியும் தமிழ் எழுத்தைப் பார்த்து, கையால் ஃபோகஸ். தஞ்சை வெயிலில்! ஹுல்ட்ஷ் அந்தக் கல்வெட்டுகளை அச்சில் கொண்டுவர ஆரம்பிச்சது 1891ல்.

டிரைப்புக்கு மரியாதை கிடைச்சதான்னு கேக்காதீங்க. 1859ல் கவர்னரா வந்த டிரெவெல்யன், இதெல்லாம் ஆடம்பரச் செலவுன்னு சொல்லி நிறுத்திட்டார்.

இன்னொண்ணு, நம்ம ஆளுங்க பெருமை. அந்தக் காலத்து மெட்ராஸில் போட்டோகிராபியைத் தூக்கிச் சுமந்தவர்களில் ஒருவர் ஒரு டாக்டர். சர்ஜன் அலெக்சாண்டர் ஹன்டர். 1850ல் ஓவியப் பள்ளி தொடங்கினவர். இன்றைய சென்னை கவின் கலைக் கல்லூரி அதுதான். 1856ல் மெட்ராஸ் போட்டோகிராபிக் சொசைட்டி உருவானதிலும் அவர் பங்கு உண்டு.

திருமுக்கூடல் கல்வெட்டைத் தொல்லியல் துறை படியெடுத்தது 1915ல். ஈரக் காகிதத்தைக் கல்லில் ஒத்தி, பிரஷ்ஷால் அடிச்சு, மை தடவி எடுக்கும் மைப்படி. பிறகு கே.வி. சுப்பிரமணிய அய்யர் எபிகிராஃபியா இண்டிகாவில் பதிப்பித்தார். அந்தப் பாடத்தின் நகலோடுதான் ரெண்டாவது தடவை போனேன்.

அங்கே இருந்த பணியாளரிடம் கேட்டுக்கிட்டு முக்காலியை வைச்சோம். மக டார்ச்சைச் சுவரோடு ஒட்டினாப்ல பக்கவாட்டில் பிடிச்சா. நேரா அடிச்சா எழுத்து மறைஞ்சிடும், சாய்வா உரசினாத்தான் பள்ளத்தில் நிழல் விழும். 40 செ.மீ. தூரத்தில் f/2.8ல் திறந்து வைச்சா தெளிவாத் தெரியும் ஆழம் ஏறக்குறைய ஒரு செ.மீ.தான். கல் கொஞ்சம் புடைச்சிருந்தா ஒரு எழுத்து தெரியும், அடுத்தது கரையும். f/8க்கு மூடி, வளையத்தை மெதுவாத் திருகினேன். முதலில் கல்லின் பொரி வந்தது. இன்னும் கொஞ்சம் திருகினதும் உளி இறங்கின விளிம்பு வந்தது.

சில இடத்தில் எழுத்து தேய்ஞ்சு, திருகினாலும் வரலை. 1915ல் மைக்குக் கிடைச்சது சில எனக்குக் கிடைக்கலை. அதனால எடுத்த படம் எல்லாத்தையும் ரெண்டு இடத்தில் சேமிச்சு வைச்சிருக்கேன்.

கேமராவின் பின்திரையில் பெரிசாக்கிப் பார்க்கலாம்னா, வாசிப்புக் கண்ணாடி கார்லயே இருக்கு. மககிட்ட கொடுத்தேன். எழுத்தெழுத்தாப் படிச்சுக்கிட்டே வந்தா. "நெ... ல... லு. நெலலுன்னு போட்டிருக்குப்பா, அப்படின்னா?"

அந்தக் காலத்தில் புள்ளி வைக்க மாட்டாங்கன்னு சொன்னேன்.

கொஞ்ச நேரம் திரையையே பார்த்தா. "நெல்லு! அப்ப இது யாரோட சம்பளம்?"

நகலை எடுத்துத் தேட ஆரம்பிச்சோம்.