காற்றுக்கு அளவு வைத்த மூக்குகள்

'பசுமைக் கட்டிடம்' என்று சான்றிதழ் வாங்கப் போகிற கட்டிடத்துக்கு இரண்டு உடல்கள். ஒன்று கண்ணாடியும் சிமெண்டுமாய் நிற்பது. மற்றது கணினிக்குள் ஓடுவது. அந்த இரண்டாவதில் வருடத்தின் 8760 மணி நேரமும், வெயிலும் விளக்கும் ஆட்களும் எண்களாய் ஓடித் தீர்கின்றன. அங்கே மனிதன் என்பவன் நிமிடத்துக்கு இத்தனை கன அடி வெளிக்காற்று, அவ்வளவுதான். இழுத்த காற்றைக் குளிர்விக்கணும், இல்லை சூடாக்கணும், இரண்டுக்கும் காசு. ஆக, மூச்சு ஒரு செலவுத் தலைப்பு. பொறியாளர் அட்டவணையைப் பார்த்து எண்ணைப் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார். அறிவியலின் தீர்ப்பு மாதிரி கிடக்கும் அந்த எண்ணுக்குள் யார் யாரெல்லாம் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதுதான் நம் கேள்வி.

1824இல் லண்டன் பொறியாளர் டிரெட்கோல்ட் ஆளுக்கு 4 கன அடி போதும் என்றார். மூச்சுவிடவும் விளக்கெரியவும் தேவையானதைக் கூட்டிப்போட்ட கணக்கு அது. 1858இல் மியூனிக்கின் பெட்டன்கோஃபர், கரியமிலவாயு தன்னளவில் விஷமில்லை, கெட்ட காற்றுக்கு அது ஒரு அடையாளம்தான் என்றார். ஆயிரத்தில் ஒரு பங்கு என்று எல்லையும் வைத்தார். பிறகு காசநோய் பற்றிய பயம். அமெரிக்க ராணுவ மருத்துவர் பில்லிங்ஸ் 1893இல் குறைந்தது 30, முடிந்தால் 60 என்றார். 1895இல் பொறியாளர் சங்கம் 30ஐ ஏற்றது. 1925க்குள் 22 மாநிலங்களில் சட்டமாயிற்று. நோய்க்குப் பயந்து கொடுத்த தாராளம் இது.

1936இல் எல்லாம் மாறுகிறது. ஹார்வர்டில் யாக்லோவும் அவரது சகாக்களும் ஒரு அறையில் ஆட்களை உட்காரவைத்து, வெளியிலிருந்து பயிற்சிபெற்ற நடுவர்களை உள்ளே அனுப்பினார்கள். நடுவரின் வேலை முகர்ந்து பார்ப்பது, 0 முதல் 5வரை மதிப்பெண் போடுவது. 'மிதமான வாடை' எனப்படும் 2, ஏற்கத்தக்கது. அந்த 2க்கு வர எவ்வளவு காற்று வேண்டும்? ஆளுக்கு 200 கன அடி இடமிருந்தால், சராசரி வர்க்கத்துப் பெரியவர்களுக்கு 16. உடலுழைப்புத் தொழிலாளிகளுக்கு 23. வசதியான வீட்டுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 18. ஏழைப் பிள்ளைகளுக்கு 38.

கொஞ்சம் நின்று பார்க்கவேண்டிய அட்டவணை இது. வர்க்கம் ஆய்வறைக்குள் நுழைந்து வாடையாகப் பதிவாகிறது. குளியலறை இல்லாத வீடு, மாற்றுத் துணி இல்லாமை இதெல்லாம் பிள்ளையின் உடம்பின் குணமாக, காற்றின் தேவையாக எழுதப்படுகிறது. முகர்பவர் எண்ணைத் தருகிறார், முகரப்படுபவர் அளக்கப்படுகிறார். பின்னால் வந்த விதிகளில் இந்த வர்க்கப் பிரிவினை காணாமல் போய், சராசரியின் எண் மட்டும் 'மனித'னின் எண்ணாக நிலைத்தது. (நாற்றம் என்ற சொல் ஒரு காலத்தில் நறுமணத்தையும் குறித்ததுதான். அது எந்த உடல்களின்மேல் ஒட்டி இப்படி இழிந்தது என்பதை நம்மில் யாராவது எழுதவேண்டும்.)

1973இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு எண் சரிகிறது. ஆஷ்ரே சங்கத்தின் 1981ஆம் ஆண்டுத் தரநிலையில், புகைபிடிக்காத அலுவலகத்துக்கு வெறும் 5. ஜன்னல் திறக்காத கட்டிடங்கள் வேறு. எண்பதுகளில் தலைவலி, கண்ணெரிச்சல், களைப்பு என்று அலுவலக ஊழியர்கள், அதிலும் கூடுதலாகப் பெண்கள், முறையிட்டார்கள். சில இடங்களில் அதைக் கூட்டு மனப்பிராந்தி என்று தள்ளியதும் நடந்தது. 1989இல் அலுவலகத்துக்கு 20 என்று திருத்தினார்கள். அது வெளியிலிருந்து உள்ளே வருபவரின் மூக்கை வைத்துப் போட்டது. 2004இல் அந்த மூக்கையே மாற்றினார்கள்: ஏற்கெனவே உள்ளே இருந்து பழகிப்போனவருக்கு ஏற்பு எனில் போதும். கூட்ட அரங்கில் ஆளுக்கு 15 இருந்தது கிட்டத்தட்ட 5 ஆயிற்று. வாடை பழகிவிடும், சரி. பழகியவரின் நுரையீரலைக் கேட்டார்களா?

இப்போது கணினிக் கட்டிடத்துக்கு வருவோம். சேமிப்பு என்பது இரண்டு மாதிரிகளின் வித்தியாசம்: கட்டப்போவது ஒன்று, ஒப்பிடுவதற்கான 'சாதாரண'க் கட்டிடம் ஒன்று. இரண்டிலும் வெளிக்காற்று ஒரே அளவு இருக்கவேண்டும் என்பது பழைய விதி. இல்லாவிட்டால் காற்றைக் குறைத்துவிட்டு மின்சாரம் மிச்சம் என்று காட்டிவிடலாமே. அதே காலத்தில், லீட் சான்றிதழில், குறைந்தபட்சத்துக்கு மேல் 30 சதவீதம் கூடுதல் காற்று தந்தால் ஒரு புள்ளி. கூடுதல் காற்று இரண்டு மாதிரியிலும் ஏறுவதால் தண்டனை இல்லை. 2010இன் 90.1 தரநிலை இதை மாற்றியது. ஒப்பீட்டுக் கட்டிடத்துக்குச் சட்டம் கேட்கும் காற்று மட்டும். தாராளமாகக் கொடுத்தவர் கணக்கில் நஷ்டப்படுவார். ஆற்றலின் பக்கமிருந்து பார்த்தால் இது நியாயமாகக்கூடத் தெரியும். ஆனால் அந்தக் குறைந்தபட்சம் எப்படிப் பிறந்தது என்பதை மாதிரி கேட்பதில்லை. அதற்கு அது வெறும் உள்ளீடு.

கொரோனாவுக்குப் பிறகு, 2023இல், தொற்று அபாயக் காலத்துக்கென்று ஆஷ்ரே 241 என்று ஒரு தரநிலை வந்தது. அலுவலகத்தில் ஆளுக்கு 30 கன அடி. பில்லிங்ஸின் அதே 30. வடிகட்டிச் சுற்றவிட்ட காற்றையும் இதில் சேர்த்துக்கொள்ளலாம். அபாயம் இல்லாத நாட்களில் பழைய குறைந்தபட்சமே போதும். பசுமைச் சான்றிதழுக்கான கணக்கு ஓடுவது அந்தச் சாதாரண நாட்களை வைத்துத்தான்.