வாய்வழி மருந்தேற்றும் துப்பாக்கியும் துணைப்பொருள் ஒழுங்கும்: வடசென்னை அரண்களை முன்வைத்து

1758 டிசம்பரில் லாலியின் பிரெஞ்சுப் படை கருப்பர் நகரைக் கைப்பற்றிப் புனித ஜார்ஜ் கோட்டையை முற்றுகையிட்டது; 1759 பிப்ரவரியில் பின்வாங்கியது. பின்னர் அந்நகருக்கு மதில் எழுந்தது. இராயபுரத்தின் ‘கிளைவ் பேட்டரி’ என்னும் இடப்பெயர் கடலோரப் பீரங்கிமேடையை இன்றும் நினைவூட்டுகிறது.

இத்தகைய அரண்களின் வலிமை துப்பாக்கி எண்ணிக்கையால் மட்டும் அளக்கத்தக்கதன்று. வாய்வழி மருந்தேற்றும் சக்கிமுக்கித் துப்பாக்கிக்கு வெடிமருந்து, ஈயக்குண்டு, சக்கிமுக்கிக்கல், திணிகோல் ஆகிய நான்கும் ஒருங்கே வேண்டும். ஒன்று குறையினும் அது வெறுங்கோலே. வெடிமருந்து ஈரத்தை ஈர்ப்பது. கடற்காற்றில் எளிதில் கெடும். ஆதலின் மருந்தையும் குண்டையும் தாள் தோட்டாக்களாக அளந்து கட்டுதலும், தீயினின்று விலக்கி உலர்ந்த கிடங்கில் காத்தலும் இன்றியமையாதனவாயின.

அருங்காட்சியகங்கள் துணைப்பொருள்களை விடுத்துத் துப்பாக்கியை மட்டும் காட்சிப்படுத்தின், ஆயுதம் இயங்கிய முறையும் அதனைப் பேணியோர் உழைப்பும் வரலாற்றினின்று மறையும்.