பெயர் முந்தியது, பொருள் பிந்தியது: ஒரு கொழுப்பேற்பிக் குடும்பத்தின் வரலாறு

1884ஆம் ஆண்டு இலண்டனில் வெளிவந்த மூளை வேதியியல் நூலில், ஜெர்மனியில் பிறந்த மருத்துவர் யோகான் லுட்விக் வில்ஹெல்ம் தூடிகூம், மூளைத் திசுவிலிருந்து பெற்ற ஒரு பொருளுக்கு ‘ஸ்பிங்கோசின்’ எனப் பெயரிட்டார். விடுகதை போட்டு வழிமறிக்கும் கிரேக்கத் தொன்ம உருவான ஸ்பிங்க்ஸின் நினைவாக இடப்பட்ட பெயர் அது. ஆராய்வோரை அப்பொருள் அத்தனை புதிர்களால் திகைக்க வைத்தது. மூளையின் தலைமைப் பொருள் ‘புரோட்டகோன்’ என்னும் தனிச் சேர்மம் என்று ஆஸ்கர் லீப்ரைக் 1865இல் முன்வைத்த கருத்து அன்று செல்வாக்குப் பெற்றிருந்தது. அது கலவையே என்று வாதிட்ட தூடிகூமைச் சமகாலத்தவர் பலர் புறக்கணித்தனர். 1901இல் அவர் மறைந்த பின்னரே அவருடைய பணி உரிய இடத்தைப் பெற்றது. ஸ்பிங்கோசினின் சரியான கட்டமைப்பை ஹெர்பர்ட் கார்ட்டர் குழுவினர் 1947இல் நிறுவினர்.

பெயர்களை இடுகுறி, காரணம் என நன்னூல் பகுக்கிறது. ‘ஸ்பிங்கோசின்’ காரணப்பெயரே, ஆயினும் அக்காரணம் பொருளின் இயல்பன்று, காண்பவரின் அறியாமை. இம்மூலக்கூற்றின் வழித்தோன்றல்களை உணரும் செல் ஏற்பிகளின் வரலாற்றிலும் இதே நிலை திரும்பியது.

1990இல் திமதி ஹ்லாவும் தாமஸ் மசியாகும் ஒரு புதிய மரபணுவை அறிவித்தனர். குருதிநாளங்களின் உட்புறத்தை வேயும் எண்டோதீலியச் செல்கள் வேறுபாடடையும்போது மிகுந்து வெளிப்பட்ட மரபணு அது. ஆகவே ‘எண்டோதீலிய வேறுபாட்டு மரபணு’ என்ற தொடரின் முதலெழுத்துகளால் ‘இடிஜி-1’ ஆயிற்று. அது குறிக்கும் புரதம் ஜி-புரதத்துடன் இணைந்த ஏற்பிகளை ஒத்திருந்தது. எந்த மூலக்கூற்றை அது ஏற்கிறது என்பது தெரியவில்லை. இத்தகையவற்றை ‘அநாதை ஏற்பிகள்’ என்பது துறை வழக்கு.

1996இல் ஜெரால்ட் சன் ஆய்வகம், வளரும் மூளைப் புறணியின் வென்ட்ரிகுலார் வலயத்தில் ஓர் ஏற்பியைக் கண்டு, அவ்வலயத்தின் பெயரால் ‘விஇசட்ஜி-1’ என்றது. அது லைசோபாஸ்பாடிடிக் அமிலம் என்னும் கொழுப்பை உணர்வது. அதே ஏற்பி ‘இடிஜி-2’ என்றும் வழங்கியது. 1998இல் ஹ்லா குழுவினர், இடிஜி-1 உணர்வது ஸ்பிங்கோசின்-1-பாஸ்பேட் என்று காட்டினர். ஆக, ஒரே வரிசையெண் தாங்கிய குடும்பத்துள் இரு வேறு கொழுப்புகளை உணரும் இரு கிளைகள் கலந்துகிடந்தன. முதல் பெயர் எண்டோதீலியத்தைக் காட்டியது. குடும்பமோ மூளை, இதயம், நோயெதிர்ப்பு மண்டலம் எனப் பரந்திருந்தது.

பழைய பெயர் முற்றும் பொய்யன்று. 2000இல் ரிச்சர்ட் புரோயா ஆய்வகம் இம்மரபணு நீக்கப்பட்ட எலிகளை ஆராய்ந்தபோது, குருதிநாளங்கள் முதிராமல், குருதிக்கசிவால் கருவிலேயே அவை இறந்தன. பெயர் சொன்னது உண்மையின் ஒரு பகுதி மட்டுமே.

இதற்கு இணையாக ஜப்பானில் மற்றொரு தேடல் நடந்துகொண்டிருந்தது. பூச்சிகளின்மேல் வளரும் பூஞ்சையிலிருந்து கிடைத்த மிரியோசின் நோயெதிர்ப்பைத் தணிப்பதைக் கண்ட தெத்சுரோ புஜிதா குழுவினர், அதன் கட்டமைப்பை எளிதாக்கி எஃப்டிஒய்720 என்னும் சேர்மத்தை உருவாக்கினர். மிரியோசின் ஸ்பிங்கோசின் வகைக் கொழுப்புகளின் உற்பத்தியைத் தடுப்பது. அதன் வழிவந்த சேர்மம் அவ்வாறு செயல்படவில்லை. சொல்லின் பிறப்பு அதன் இன்றைய பொருளை உறுதிசெய்யாது என்று மொழியியல் சொல்வது இங்கும் பொருந்துகிறது. 2002இல்தான் விடை கிடைத்தது: உடலில் பாஸ்பேட் ஏற்றம் பெறும் இச்சேர்மம் ஸ்பிங்கோசின்-1-பாஸ்பேட்டின் ஏற்பிகளில் பிணைகிறது. லிம்போசைட்டுகள் நிணநீர்க் கணுக்களை விட்டு வெளியேற முதல் ஏற்பி இன்றியமையாதது என்பதை ஜேசன் சைஸ்டர் ஆய்வகம் 2004இல் நிறுவியது. அச்செல்களைக் கணுக்களிலேயே தடுத்துநிறுத்தும் அம்மருந்து, ஃபிங்கோலிமோட் என்ற பெயரில் 2010இல் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோய்க்கு அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

அந்த 2002ஆம் ஆண்டிலேயே பன்னாட்டு மருந்தியல் ஒன்றியத்தின் பெயரீட்டுக் குழு, ஏற்பிகளை அவை உணரும் கொழுப்பின் பெயரால் அழைக்கப் பரிந்துரைத்தது. இடிஜி 1, 3, 5, 6, 8 ஆகியவை எஸ்1பி ஏற்பிகள் ஐந்தாயின. 2, 4, 7 ஆகியவை எல்பிஏ ஏற்பிகளாயின. எண்களும் மாறின: இடிஜி-5 இன்று எஸ்1பி2.

இம்மாற்றத்தை வெறும் ஒழுங்குபடுத்தல் எனக் கொள்வது பிழை. 2019இல் ஒப்புதல் பெற்ற சிபோனிமோட் இவ்வைந்தில் முதலாவதையும் ஐந்தாவதையுமே குறிவைக்கிறது. ஒரு மருந்து எதைத் தொடுகிறது, எதை விலக்குகிறது என்று தெளிவுற உரைக்கப் பெயர்ப்பகுப்பு திருந்தவேண்டியிருந்தது. மறுபுறம், இன்றைய பெயரை மட்டும் அறிந்த மாணவர் 1990களின் கட்டுரைகளில் தேடினால் இவ்வேற்பிகளைக் காணமாட்டார். அறிவியல் தன் பெயர்களைத் திருத்திக்கொள்ளலாம். பழைய பெயர்களை மறந்துவிட்டால் அக்காலத்து உழைப்பு நூலகத்திலேயே புதைந்துபோகும்.